இ.பி. தட்டு சேர்ப்பது எப்படி: தட்டோடு அதன் கதையையும் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

7 அங்குல இ.பி. (எக்ஸ்டெண்டட் பிளே) இசைத்தட்டுகளைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக 1960, 70களில் வந்த தமிழ்த் திரைப்பாட்டுத் தட்டுகள்.

இதில் இறங்குகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் ஒரு கட்டுத் தட்டு வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவுகிறார்கள். அப்புறம் பிளேயர் தேடுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் ஒருநாள், ‘இது யார் வீட்டுத் தட்டாக இருந்திருக்கும்?’ என்று யோசிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அதற்குள் பதில் தொலைந்திருக்கும்.

பாட்டு இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அந்தத் தட்டை யார், எந்த வீட்டில், எதற்காகப் போட்டார்கள் என்பது விற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் முதலில் கதை, பிறகு விலை, அதற்கும் பிறகுதான் கழுவுவது. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. வாங்கும் முன் வீட்டில் ஒரு பட்டியல் போடுங்கள்

தமிழ்ப் படங்களுக்கு வந்த இ.பி.கள் ஏராளம். எல்லாவற்றையும் சேர்க்கலாம் என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் அலமாரி நிறைந்துவிடும், ஆர்வம் வடிந்துவிடும். ஒரு வரம்பு வேண்டும்.

சிலர் ஒரு இசையமைப்பாளரை எடுத்துக்கொள்வார்கள், சிலர் ஒரு பாடகியை. நான் சொல்வது வேறு: உங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் தானாக முணுமுணுக்கும் பத்துப் பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். ‘உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?’ என்று கேட்காதீர்கள். ஊருக்கெல்லாம் பிடித்த பாட்டைத்தான் சொல்வார்கள். ‘சமைக்கும்போது என்ன பாடுவீங்க?’ என்று கேளுங்கள். அதில் வரும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்.

இந்தப் பத்துப் பாட்டுதான் உங்கள் முதல் தேடல். கடைக்காரர் முன்னால் நிற்கும்போது எதை விட்டுவிடலாம் என்று இந்தத் தாள் சொல்லும்.

2. மூன்று வகைத் தட்டையும் கண்ணால் பிரிக்கப் பழகுங்கள்

10 அங்குலம், கனமான தட்டு, தட்டினால் பீங்கான் போலச் சத்தம்: அது 78 சுற்றுத் தட்டு. அரக்கில் செய்தது. கீழே விழுந்தால் உடையும்.

12 அங்குலம், வளைந்து கொடுக்கும்: எல்.பி. (லாங் பிளே). நிமிடத்துக்கு 33⅓ சுற்று.

7 அங்குலம்: இ.பி. பெரும்பாலும் 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. ஆனால் அளவை மட்டும் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். 33⅓ சுற்றில் ஓடும் 7 அங்குலத் தட்டுகளும் உண்டு. லேபிளில் எழுதியிருக்கும், படியுங்கள்.

நம் ஊர் இ.பி.க்கு எல்.பி. போலவே சின்ன நடுத்துளை. அமெரிக்கத் தட்டுகளுக்கு ஒன்றரை அங்குலத் துளை. அதைப் போட நடுவில் வைக்கத் தனி வளையம் வேண்டும். வெளிநாட்டில் இருந்த உறவினரின் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால், உடைந்த தட்டு என்று தள்ளிவிடாதீர்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் ஊசி. 78க்கான ஊசிமுனை சுமார் 75 மைக்ரான்; இ.பி., எல்.பி.க்கு உரியது சுமார் 18 முதல் 25 மைக்ரான். 78 ஊசியை இ.பி.யில் வைத்தால் அந்தத் தடித்த முனை, ஊசி ஓடும் பள்ளமான வரியின் விளிம்பையே அரைத்துக்கொண்டு போகும். ஒரே ஒரு முறை போட்டாலும் அந்தச் சேதம் நிரந்தரம்.

3. பிளேயரைத் தயார் செய்யுங்கள்

தட்டு வருமுன் பிளேயர் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் பரணில் கிடக்கும் தாத்தா காலத்து எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயரை இறக்கி, முப்பது வருடமாக மாற்றாத ஊசியோடு தட்டைப் போட்டுவிடுவீர்கள். பழைய பிளேயரை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் ஒரு கதை இருக்கும். ஆனால் ஊசியை மாற்றாமல் தட்டைத் தொடவிடாதீர்கள்.

புதிதாக வாங்குவதானால் மூன்று விஷயம் பாருங்கள்.

ஊசியின் அழுத்தம். ஊசியைத் தாங்கும் கை, எடையைச் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசி பொருந்தியிருக்கும் சிறு பகுதியைப் பொறுத்து 2 முதல் 3.5 கிராம் போதும். சூட்கேஸ் வடிவத்தில் வரும் மலிவான பிளேயர்கள் பலவற்றில் 5 கிராமுக்கு மேல் அழுத்தும், குறைக்கவும் முடியாது. தட்டு குதிக்கிறது என்று கையின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைப்பது நம் ஊர்ப் பழைய வைத்தியம். அந்த நாணயமே 3 கிராமுக்கு மேல். அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும்.

வேகம். சுற்று 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். பாட்டோடு வளர்ந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள், ‘என்னமோ மாதிரி இருக்கே’ என்பார்கள். வேகம் பார்க்க, கோடு போட்ட காகித வட்டு உண்டு. அதைப் பிளேயரில் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடு நின்ற மாதிரி தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 45 சுற்றுக்கு 133 கோடு உள்ள வளையத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வட்டு 60 ஹெர்ட்ஸ் கணக்கு. நம் வீட்டு விளக்கில் அது தவறான வேகத்தைச் சரி என்று காட்டும். வட்டை குண்டு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். பல எல்.இ.டி. விளக்குகளில் கோடு நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாது.

ஃபோனோ பிரீஆம்ப், அதாவது ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் கருவி. காந்த வகை கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். அதை நேராக ஸ்பீக்கரின் ஆக்ஸ் துளையில் செருகினால் சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி வரும், தபேலாவின் அடிநாதமே இருக்காது. புதியவர்கள் ‘தட்டு தேஞ்சுபோச்சு’ என்று நல்ல தட்டை ஒதுக்கிவிடுவது இதனால்தான். பிரீஆம்ப் பிளேயருக்குள்ளேயே இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

4. எங்கே தேடுவது

முதலில் உறவினர் வீட்டுப் பரண். அப்புறம் அவர்களுடைய அக்கம்பக்கம். இங்கே தட்டுக்குச் சொந்தக்காரரே உயிரோடு, எதிரில் இருப்பார். இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்தது, மைக் செட் வைத்திருந்தவர்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊர் ஊராகப் போனவர்கள். சைக்கிள், மாட்டுவண்டி, அப்புறம் டெம்போ. அவர்களிடம் உள்ள தட்டுகள் தேய்ந்துதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் பத்து ஊர்க் கதை இருக்கும். நல்ல நிலையில் உள்ள தட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் இவர்களிடம் போகாதீர்கள். உறவுக்கு வெளியே தேடும்போது எனக்கு இவர்கள்தான் முதல் இடம்.

சென்னையில் அல்லிக்குளம் வணிக வளாகத்தில், 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்குப் பதிலாக வந்த கடைகளில், தட்டு கிடைக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏற, தரையில் தார்ப்பாயில் கிடக்கும் தட்டு வளையத் தொடங்கும். மதியத்துக்கு மேல் வாங்குவது வெந்த தட்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் உறை நன்றாக இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும்.

இணையத்தில் வாங்குவது கடைசி. பட்டியலில் உள்ள ஒரு தட்டு வேறெங்குமே கிடைக்காதபோது மட்டும். அங்கே தட்டு மட்டும்தான் வரும்.

5. தட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை

விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டுத் தூக்குங்கள். விரல் எண்ணெய் வரியில் படிந்தால் தூசி அங்கேயே ஒட்டிப் பூஞ்சையாகும்.

கைப்பேசி டார்ச்சைத் தட்டுக்கு நேர் மேலே பிடிக்காமல், பக்கவாட்டில் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் பளபளக்கும். சாய்வு வெளிச்சத்தில்தான் தேய்மானம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். முக்கியமாக, சத்தம் உச்சத்துக்குப் போகும் இடங்களில் அந்தச் சாம்பல் நிறம் தெரிந்தால், ஊசி அங்கே வரியைத் தின்றிருக்கிறது. கழுவினால் போகாது.

கீறல் இருந்தால் நகத்தை மெதுவாக அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் ஊசியும் தடுக்கும். 45 சுற்றில் ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி; அத்தனை விநாடிக்கு ஒரு ‘டிக்’ கேட்கும். நகத்துக்குத் தெரியாத மெல்லிய கோடுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் கிறுக்கியிருக்கிறதா பாருங்கள். இருட்டிலும் அவசரத்திலும் துளையைத் தேடிப் பிளேயரின் நடு அச்சில் தட்டிய தடம் அது. எத்தனை முறை போட்டார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

கடைசியாக, உறையிலும் லேபிளிலும் உள்ள எண் ஒன்றுதானா? புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். உறையில் ஒரு படம், உள்ளே வேறு படத்தின் தட்டு. யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. நாற்பது வருடமாகப் பல கைகள் எடுத்துப் போட்டு மாற்றி வைத்தவை. எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

6. விலை பேசும் முன் கதையைக் கேளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பேரம் தொடங்கிவிட்டால் பேச்சு மாறிவிடும். நீங்கள் வாங்குகிறவர், அவர் விற்கிறவர் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும், விலையைக் குறைக்கத்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைப்பார். அதனால் முதலில் தட்டின் இரண்டு பக்கமும், உறையின் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. பிறகு அந்தத் தட்டில் இருக்கும் ஏதாவது ஒரு குறியைக் காட்டிக் கேளுங்கள்.

‘உங்க நினைவுகளைச் சொல்லுங்க’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். யாருக்கும் அதற்குப் பதில் தெரியாது. ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று பொதுவாக இரண்டு வரி வரும், அவ்வளவுதான். பொருளைக் கேளுங்கள். பிளேயர் எந்த அறையில் இருந்தது? யார் தொடலாம், யார் தொடக்கூடாது? இந்தக் கறை எப்படி வந்தது? உறையில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் எந்த ஊர்க் கடை?

மதுரைப் பக்கம் ஒரு பெரியவரிடம் கேட்டது இது. மைக் செட் வைத்திருந்தவர். மரப்பெட்டியில் அறுபது எழுபது இ.பி. ஒவ்வொரு லேபிளிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு எண். சிலவற்றில் ஒரு பக்கத்தில் மட்டும் பெருக்கல் குறி. தட்டு கெட்டுப்போனதற்கான அடையாளம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“112-னு போட்டிருக்கே, எதுக்குங்கய்யா?”

“நோட்டு நம்பர் தம்பி. ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல லேபிள் எழுத்த எங்க படிக்கிறது? நோட்டப் பாத்து நம்பரச் சொல்லுவாங்க, எடுத்துப் போட்டுருவேன்.”

“இந்தப் பெருக்கல் குறி?”

“அது சோகப் பாட்டு. கல்யாண வீட்ல தெரியாம திருப்பிப் போட்டுட்டா அம்புட்டுத்தான். அடையாளம் போட்டுக் குடுத்தது எங்க அண்ணன். எனக்கு அப்ப எழுத்து வராது.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் எதையும் கேட்கவில்லை. குறியைக் காட்டினேன், அது வந்தது. மற்ற எண்கள் எப்படி அமைந்தன என்று கேட்டதும் ஒரு முழு இரவின் வரிசையே வந்துவிட்டது: முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு கட்டு, பந்திக்கு ஒரு கட்டு, விடியற்காலை எல்லாரும் தூங்கும் நேரத்துக்கு என்று அவருக்கு மட்டும் பிடித்த நான்கு தட்டு. அந்த நான்கின் எண்களையும் தனியாகக் குறித்துக்கொண்டேன். நோட்டை அவர் விற்கவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுக்க விட்டார்.

அந்தப் பெயின்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் ‘சுத்தமான’ தட்டு ஒன்று கிடைத்திருக்கும், இது எதுவும் கிடைத்திருக்காது.

பேசும்போது ஒலிப்பதிவு செய்யலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, வெளியே வந்ததும் முதல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் அவர் சொன்ன சொற்கள் போய், உங்கள் சொற்கள் வந்துவிடும்.

அப்புறம் விலை. கதை சொன்னவரிடம் அடித்துப் பேரம் பேசாதீர்கள்.

7. கதையையும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

பல லேபிள்களில் வட்டத்துக்குள் பி எழுத்தோடு ஒரு ஆண்டு இருக்கும். அது ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு. அதே பாட்டு பின்னால் மறுபடி அச்சடிக்கப்பட்டிருக்கலாம். அதனால் ‘இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது’ என்பதை மட்டும்தான் அந்த எண் உறுதியாகச் சொல்லும்.

இது எங்கே உதவும்? என் பெரியம்மா அன்னக்கிளி தட்டைக் கையில் வாங்கியதும், “எங் கல்யாணத்துல மூணு நாளும் இதான் ஓடுச்சு” என்றார். அவர் கல்யாணம் 1974. இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளி வந்தது 1976.

இங்கே புதியவர்கள் இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, ‘இல்ல பெரியம்மா, தப்பாச் சொல்றீங்க’ என்று வெட்டிவிடுவது. அதோடு பேச்சு நின்றுவிடும். இன்னொன்று, அப்படியே எழுதிவைத்துவிட்டு, நாளைக்குப் படிப்பவர்கள் எதையும் நம்ப முடியாதபடி செய்வது. நான், “வேற எந்த விசேஷத்துக்கெல்லாம் மைக் செட் வந்துச்சு?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மூத்தவன் காதுகுத்து வந்தது. அதே வாசல், அதே பந்தல், அதே மைக் செட்காரர். இரண்டு விசேஷமும் பெரியம்மா மனசில் ஒன்றாகக் கலந்திருந்தது.

குறிப்பு அட்டையில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். அவர் முதலில் சொன்னது அவர் வார்த்தையிலேயே ஒரு வரி. தேதி தெரிந்தது அடுத்த வரி. முதல் வரியை அழிக்கவில்லை. கல்யாணத்தை நினைத்தால் அவருக்கு அந்தப் பாட்டுதான் வருகிறது என்பதும் உண்மைதானே.

இன்னொரு குழப்பம் ரேடியோ. இலங்கை வானொலியில் கேட்டதையும் வீட்டுத் தட்டில் கேட்டதையும் பலர் ஒன்றாகச் சொல்வார்கள். ‘பாட்டுக்கு முன்னாடி யாராவது பேசினாங்களா?’ என்று கேளுங்கள். அறிவிப்பாளர் குரல் நினைவுக்கு வந்தால் அது ரேடியோ. பாட்டு பாதியில் ‘கர்ர்’ என்று ஒரே இடத்தில் நின்றது நினைவிருந்தால் அது தட்டு.

8. இப்போதுதான் கழுவ வேண்டும்

படம் எடுத்தாயிற்றா? குறிகளை எழுதியாயிற்றா? சரி, கழுவலாம்.

லேபிளைக் காப்பாற்றுவது முதல் வேலை. இ.பி. லேபிள் சுமார் 9 சென்டிமீட்டர் அகலம். அந்த அளவில் ஒரு டப்பா மூடியை லேபிள் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் நனையாது. பேனா எழுத்து இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதைக் கரைத்துவிடும்.

முதலில் மென்மையான பிரஷ்ஷால் உலர் தூசியை எடுங்கள். ஈரம் பட்டபின் தூசியைத் தேய்த்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

பிறகு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, வரி போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே வேண்டாம். பின் சோப்பு இல்லாத டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு துணியால் இரண்டு முறை. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. சென்னை போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு எங்கே படியும் என்று வாளியைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு வரிக்குள்ளும் படியும், ஊசிக்கு அது கல்.

பூஞ்சை பிடித்த தட்டுக்குக் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலக்கலாம். ஆனால் 78 தட்டில் ஒரு சொட்டும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இரண்டாம் படியில் தட்டைப் பிரிக்கப் பழகச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

நிழலில், பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம்.

உறையைக் கழுவ முடியாது. காற்றோட்டமான நிழலில் ஒருநாள் திறந்து வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். கிழிந்த ஓரத்துக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளாகி, பிரிக்கும்போது படத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையில் திரும்பப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்த உறைக்குள்தான் நாற்பது வருடத் தூசி இருக்கிறது. புது உள்ளுறையில் தட்டைப் போட்டு, பழைய உறையைத் தனியாக அதன் பின்னால் வையுங்கள்.

9. முதல் முறை போடும்போதே பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு முறை போடும்போதும் தட்டு கொஞ்சம் தேய்கிறது. கழுவிய பிறகு முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிந்துவிட்டால், அடிக்கடி கேட்க அந்தப் பதிவு போதும். ஆடாசிட்டி இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். தாண்டி உடைந்த ஒலியைப் பின்னால் சரிசெய்ய முடியாது.

இரைச்சலை நீக்கும் ஆசை வரும். மூலக் கோப்பைத் தொடாமல், நகலில் செய்து பாருங்கள். அந்த இரைச்சலைக் கேட்டதும் பேசத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தட்டின் பழைய சொந்தக்காரரை உட்கார வைத்துப் போட்டால், பாட்டு முடிந்தபின் பத்து விநாடி எதுவும் பேசாதீர்கள். ஊசி கடைசி வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கட்டும். கேள்வி கேட்காமல் வரும் பேச்சு அந்த இடைவெளியில்தான் வரும்.

இந்தப் பதிவுகளை இணையத்தில் ஏற்றாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அதற்கும் மேல் போகலாம். உங்கள் வீட்டுக் கேட்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. எண் போட்டு, நிமிர்த்தி வையுங்கள்

ஒரு தட்டுக்கு ஒரு அட்டை. உங்கள் வரிசை எண், தட்டின் எண், படம், பாட்டுகள், லேபிள் ஆண்டு, வாங்கிய நாள், ஊர், விலை, தட்டின் நிலை. கீழே பாதி அட்டை வெறுமையாக: கதைக்கு. லேபிளுக்குப் பக்கத்தில் உள்ள பாட்டில்லாத வழவழப்பான வளையத்தில் கீறிய எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தட்டின் இரண்டு அச்சடிப்புகளைப் பிரிக்க அது வேண்டியிருக்கும். உங்கள் வரிசை எண்ணைப் புது உறையில் பென்சிலால் எழுதுங்கள். லேபிளில் இனி யாரும் எதுவும் எழுத வேண்டாம்.

தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். அடுக்கி வைத்தால் கீழே உள்ளது வளையும். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ வேண்டாம். சித்திரை வெயிலில் அது அடுப்பு. பரண் இன்னும் மோசம்: மேலே ஓட்டுச்சூடு, பக்கத்தில் கரையான். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் திறந்த மர அலமாரி போதும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை நாலு உறையை எடுத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் முன் மூக்குக்குத் தெரியும்.

11. ஒரு மாதத்துக்குள் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

கதை சொன்னவருக்கு, அந்தத் தட்டின் பதிவை அவர் கைப்பேசியிலோ பென் டிரைவிலோ போட்டுக் கொடுங்கள். நேரில் போய்க் கொடுங்கள். முதல் முறை சொன்னதிலிருந்து அவரே யோசித்து வைத்திருப்பார், விட்டுப்போன பெயர்கள் வரும், தேதி திருந்தும்.

மதுரைப் பெரியவரிடம் இரண்டாம் முறை போனபோது, நான் கேட்காமலே நோட்டை எடுத்து 112-ஆம் எண் உள்ள பக்கத்தைத் திருப்பினார். ஓரத்தில் பென்சிலால் புதிதாக ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. நான் போனபின் ஞாபகம் வந்து எழுதி வைத்தாராம். அட்டையில் பாதி இடத்தை வெறுமையாக விடச் சொன்னது இதற்குத்தான்.